கேரவன் வண்டியின் டி.பி.எஃப்: ஸ்கேனர் வாங்கும் முன்

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த டீசல் வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியவர்களிடம் பேசிப் பாருங்கள். டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி ஏதாவது ஒரு கதை இருக்கும். புகைக்குழாய் படம், நடுவில் புள்ளிகள். அந்த ஏப்ரல் 1 அன்றுதான் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்-இலிருந்து 10-ஆக இறங்கியது. வண்டிக்கு அடியில் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி வந்து உட்கார்ந்தது. அதில் அடைப்பு என்று வண்டி நினைத்தால் எரிவதுதான் அந்த விளக்கு. விளக்கு எரிந்ததும் மதுரையில் கிடைக்கும் முதல் யோசனை, "ஒரு ஸ்கேனர் வாங்கிக்கங்க, நீங்களே ரீஜென் போட்டுக்கலாம்" என்பதுதான். ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி; ரீஜென் என்பது வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது. சரி, எந்த ஸ்கேனர் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீஜென் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து ஸ்கேனர் வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் டி.பி.எஃப் அளவுகளை ஓடும்போதே காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளக்கு ஏன் எரிகிறது என்று தெரியாமல் போடும் ரீஜென் பாதி வேளை டீசலுக்குத்தான் கேடு.

வடிகட்டி வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும். உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரியான பீங்கான்; கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடால் ஆனது. ஒரு துளைக்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துத் துளைக்குப் பின்பக்கம் அடைப்பு. அதனால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியே போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகை 250 முதல் 400 டிகிரி வரை சூடாக இருந்தால், நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அது போதாதபோது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு. தானாகவே கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, டி.பி.எஃப்-க்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜனேற்ற வினையூக்கியில் அதை எரியவைத்து, வெப்பத்தை 550 முதல் 650 டிகிரிக்கு ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறோம்.

எரிவது கரி மட்டும்தான். இன்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவை எரிந்து மிஞ்சும் சாம்பல் எந்த வெப்பத்துக்கும் போகாது. அது நாள்பட நாள்பட உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். கரிக்கு ரீஜென், சாம்பலுக்குக் கழட்டிச் சுத்தம் செய்வது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத கருவியால் கேரவன்காரருக்குப் பெரிய பயன் இல்லை.

கேரவனில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதற்கு நம்ம ஊர் ஓட்டத்தைப் பார்த்தாலே போதும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நாற்கரச் சாலையில் போனால் டி.பி.எஃப்-க்கு நல்ல நாள். கப்பலூர் டோல்கேட் தாண்டிவிட்டால் விருதுநகர், கோவில்பட்டி என்று ஒரே வேகத்தில் போகலாம், இ.சி.யு. தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். ஆனால் கேரவன் எப்போதும் அப்படி ஓடுவதில்லை. வாரக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும். பிறகு மாட்டுத்தாவணி வரை போய் வரும். சித்திரைத் திருவிழா நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் மாட்டினால் முதல் கியரிலேயே ஊரும். எல்லாவற்றையும் விட மோசம், கத்திரி வெயிலில் ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளே தூங்குபவர்களுக்கு ஏ.சி. வேண்டும் என்று இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது. ஐடிலில் புகையின் வெப்பம் கரியை எரிக்கப் போதாது. சேர்வது மட்டும் நிற்காது. மேல்கூரையில் பெட்டி, அடியில் நிறைந்த தண்ணீர்த் தொட்டி என்று எடையும் கூடுவதால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இன்ஜின் கரியைக் கொஞ்சம் அதிகமாகவே கக்கும். ஏறும்போது வெப்பம் கிடைக்கிறதே என்று நிம்மதியாக இருக்கலாம். இறங்கும்போது அதே இன்ஜின் குளிர்ந்துவிடும்.

எங்கள் வண்டியில் விளக்கு முதலில் எரிந்தது அப்படிக் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போதுதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, ரீஜென் போட்டு, எரரை அழித்துக் கொடுத்தார்கள். சில நாளில் விளக்கு திரும்ப வந்தது. மறுபடி போனோம், மறுபடி ரீஜென். கடைசியில் டி.பி.எஃப்-ஐ மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டால் கேரவன் ஆசையே போய்விடும். அதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடுவோம் என்று கப்பலூர் சிட்கோ பக்கம் டீசல் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் இன்ஜினை ஸ்டார்ட்டே செய்யவில்லை. சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் டி.பி.எஃப்-க்கு முன்னும் பின்னும் உள்ள புகை அழுத்தத்தின் வித்தியாசத்தைத் திறந்தார். இன்ஜின் ஓடவில்லை, புகை இல்லை. பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு எண் நின்றது.

"பாத்தீங்களா தம்பி, வண்டி ஓடவே இல்ல, அதுக்குள்ள அடைச்சிருக்குன்னு சொல்லுது. சென்சார் பொய் சொல்லுது. இத நம்பித்தான் மறுபடி மறுபடி ரீஜென் போட்டிருக்காங்க."

"அப்ப டி.பி.எஃப் நல்லாத்தான் இருக்காண்ணே?"

"அத இப்பவே சொல்ல முடியாது. மொதல்ல இத சரி பண்ணுவோம். அப்புறம் அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

அடியில் படுத்துப் பார்த்தால், கழிவுநீர்த் தொட்டிக்கு பிராக்கெட் அடித்தபோது அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸை நகர்த்தியிருக்கிறார்கள். அது தொய்ந்து, பள்ளமான இடத்தில் புகையின் ஈரம் தண்ணீராகத் தேங்கி, சென்சாருக்குள் போய் அதைக் கெடுத்துவிட்டது. சென்சார் மாற்றி, ஹோஸை நீர் தேங்காத மாதிரி சாய்வாகக் கட்டி, புது சென்சாரின் பூஜ்யத்தை இ.சி.யு.வுக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு விளக்கு வரவில்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்த கருவியின் மதிப்பு எனக்குப் புரிந்தது அந்த ஒரு எண்ணில்தான்.

இப்போது சந்தையைப் பார்ப்போம். மிகக் கீழே இருப்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற ப்ளூடூத் அடாப்டர். இ.எல்.எம்.327 என்று உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் எழுதியிருக்கும். அந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2022-ல் கடையை மூடிவிட்டது. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள். நகலில் சில கட்டளைகள் வேலை செய்யாது, சிலவற்றில் இணைப்பு பாதியில் அறுந்துவிடும். போனில் டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர் போன்ற செயலியோடு சேர்த்தால் எரர் கோட் படிக்கலாம், கூலன்ட் சூடு பார்க்கலாம். டி.பி.எஃப் அழுத்தமும் வெப்பமும், வண்டியோடு ஸ்கேனர் பேசுவதற்கான ஓ.பி.டி. என்ற பொதுத் தரத்திலேயே உள்ள அளவுகள்தான். ஆனால் அவற்றைப் பொதுவழியில் தருவதா இல்லையா என்பது அந்தந்த இ.சி.யு.வைப் பொறுத்தது. தந்தால் அதிர்ஷ்டம். நகலைத் தவிர்த்து, ஓ.பி.டி.லிங்க் போன்ற நல்ல அடாப்டராக வாங்கினால் தொந்தரவு பாதி குறையும்.

அடுத்த ரகம், ஆட்டெல், லாஞ்ச், திங்க்கார் போன்றவர்கள் விற்கும் டேப்லெட் அல்லது போனோடு சேரும் கருவிகள். வண்டிக் கம்பெனியின் சொந்த மொழியில் இ.சி.யு.வோடு பேசுவதால் கரி அளவு, சாம்பல் அளவு, கடைசி ரீஜென் ஆகி எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் வரும், ரீஜென் போடலாம், புது சென்சாரை இ.சி.யு.வுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கும் மேலே கம்பெனி சர்வீஸ் சென்டரில் வைத்திருப்பது. அது நமக்கு வேண்டாம், கிடைக்கவும் கிடைக்காது.

யூட்யூபில் மோட்டார்ஹோம் டி.பி.எஃப் என்று தேடினால் வருவதெல்லாம் ஐரோப்பிய வீடியோக்கள். அங்கே மோட்டார்ஹோம்களில் பெரும் பங்கு ஃபியட் டுகாட்டோ மீது கட்டப்பட்டவை. டுகாட்டோவுக்கு மல்ட்டிஈசியூஸ்கேன், ஃபோர்டு ட்ரான்சிட்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகனுக்கு வி.சி.டி.எஸ். என்று ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்த விலையில் தனி மென்பொருள் இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே கருவியை வரவழைத்தால் நம்ம ஊர் வேனில் அது வாயே திறக்காது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மோட்டார்ஹோமுக்கென்று கருவி கிடையாது, அடியில் இருக்கும் வண்டிக்குத்தான் கருவி. யார் கட்டிய கேரவன் என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. எந்த இன்ஜின், எந்த இ.சி.யு., எந்த வருடம் என்பதுதான் அதற்கு வேண்டும்.

கடைக்காரர் மெனுவைத் திறந்து உங்கள் வண்டிக் கம்பெனியின் பெயரைக் காட்டுவார். அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. பெயர் இருக்கும், மாடலும் இருக்கும், உள்ளே போனால் டி.பி.எஃப் பகுதியே இருக்காது, அல்லது பி.எஸ்.4 வரைக்கும்தான் இருக்கும். கார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சரக்கு வேன், டிராவலர் வகை வண்டிகளுக்குத்தான் பட்டியல் மெலிந்திருக்கும். அதனால் காசு கொடுப்பதற்கு முன் கருவியை உங்கள் வண்டியில் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி இருக்க வேண்டும். அதே கருவி வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்கேன் கட்டணம் கொடுத்து ஒருமுறை மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் விட நல்லது. கோட் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், டி.பி.எஃப் லைவ் டேட்டாவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஆண்டுச் சந்தா பற்றியும் விசாரியுங்கள். சில கருவிகளில் சந்தா முடிந்தால் புதுப்பிப்பு மட்டும் நிற்கும், சிலவற்றில் கருவியே பூட்டிக்கொள்ளும்.

லைவ் டேட்டாவில் நான் பார்ப்பவற்றை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருவி தேர்வு முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில், சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: அழுத்த வித்தியாசம் பூஜ்யம் அல்லது அதை ஒட்டி. பிறகு இன்ஜின் நன்றாகச் சூடான பின் ஐடிலில். பெரும்பாலான வேன்களில் அடைப்பில்லாத வடிகட்டி 10 மில்லிபாருக்குக் கீழே நிற்கும். அடுத்து 2,500 ஆர்.பி.எம்-மில் பிடித்து. எண் சீராக ஏறி, காலை எடுத்ததும் சீராக இறங்க வேண்டும். ஐடிலிலேயே 30, 40 என்று நின்றால் உள்ளே நிஜமாகவே அடைப்பு. ஏறவே இல்லை என்றால் ஹோஸ் கழன்றிருக்கும், அல்லது பீங்கான் விரிசல் விட்டிருக்கும். இரண்டாவது நடந்திருந்தால் சைலன்சர் வாயில் விரலை வைத்துத் தேய்த்தால் கரி ஒட்டும். கருவி எந்த அலகில் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். 1 கிலோபாஸ்கல் என்றால் 10 மில்லிபார், 1 பி.எஸ்.ஐ. என்றால் கிட்டத்தட்ட 69.

கரி அளவை சில வண்டிகள் கிராமில் காட்டும், சில சதவீதத்தில். நல்ல கருவியில் அது இரண்டாக வரும்: அழுத்தத்தை வைத்து அளந்த கரி, ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்ட கரி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம்பலாம். கணக்கு குறைவாகவும் அளவு அதிகமாகவும் இருந்தால், ஒன்று சென்சார் கெட்டிருக்கும், இல்லையென்றால் சாம்பல் நிறைந்திருக்கும். எங்கள் வண்டியில் இந்த இடைவெளியை முதல் ஒர்க்‌ஷாப்பிலேயே யாராவது பார்த்திருந்தால் அத்தனை ரீஜென் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது வெப்பம். டி.பி.எஃப்-க்கு முன்னும் பின்னும் இருக்கும் சென்சார்களின் எண் இரண்டும் தெரிய வேண்டும். ரீஜென் நடக்கும்போது முன் சென்சார் 550-ஐக்கூட எட்டவில்லை என்றால் கரி சரியாக எரியவில்லை, டீசல்தான் வீணாகிறது. அப்போது தேட வேண்டிய இடம் வேறு: இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), வினையூக்கி, டர்போ ஹோஸில் கசிவு. அப்புறம் தெர்மோஸ்டாட். நம்ம பக்கம் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இருக்கிறது. பழைய இன்ஜினில் அது எப்படியோ ஓடிவிட்டது. டி.பி.எஃப் இருக்கும் வண்டியில் அதைச் செய்தால் கூலன்ட் போதிய சூடு ஏறாது. பொதுவாக 70 டிகிரியாவது தாண்டாமல் இ.சி.யு. ரீஜெனையே தொடங்காது. ஸ்கேனரில் கூலன்ட் எண்ணைப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எரர் கோட்களில் பி2463 என்றால் கரி சேர்ந்துவிட்டது. பி242எஃப் என்றால் சாம்பல். பி2002 என்றால் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை. பி2452 முதல் பி2455 வரை அழுத்த சென்சார் பக்கம். இவற்றில் எது வந்தது என்று எழுதி வைக்காமல் அழிக்க விடாதீர்கள்.

கேரவனுக்கே உரிய ஒரு தடங்கல், கருவி இணையாமல் போவது. ஸ்கேனரைச் செருகும் ஓ.பி.டி. போர்ட்டை மர வேலைக்குள் மறைத்திருப்பார்கள். அல்லது ஜி.பி.எஸ். கருவிக்கும் உள் விளக்குக்கும் அந்த லைனிலிருந்தே ஒயர் இழுத்திருப்பார்கள். ஸ்கேனரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு மல்ட்டிமீட்டர் எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் 6-ஆம், 14-ஆம் பின்களுக்கு இடையே பாருங்கள். 60 ஓம் அளவில் இருந்தால் தகவல் லைன் சரி. 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பேட்டரியைத் திரும்ப இணைத்ததும் 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் வர வேண்டும், 4, 5 எர்த். பஸ் சேசிஸ் மீது கட்டிய பெரிய கேரவன் என்றால் அது பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கென்று செய்த மலிவு அடாப்டரை அதில் செருகினால் அங்கேயே கருகிப்போகலாம். 24 வோல்ட்டுக்கும், பெரிய வண்டிகளின் தகவல் மொழியான ஜே1939-க்கும் ஆதரவு இருக்கிறதா என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நிறுத்திவைத்துப் போடும் ரீஜெனைப் பற்றி எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வெறும் வேனில் அது சூடான வேலை. கேரவனில் அடியில் பிளாஸ்டிக் தொட்டி, பி.வி.சி. குழாய், பின்னால் சேர்த்த ஒயர்கள், சில வண்டியில் கேஸ் சிலிண்டர் பெட்டி கூட புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும். அவையெல்லாம் வேன் கம்பெனி கணக்கில் எடுத்தவை அல்ல. சிலிண்டரை இறக்கித் தள்ளி வையுங்கள். காய்ந்த புல், வைக்கோல் இருக்கும் இடம் கூடவே கூடாது. உள்ளே யாரும் தூங்கக் கூடாது. டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் வேண்டும், பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். முடிந்ததும் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அடிக்கடி ரீஜென் ஓடிய இன்ஜினில் டீசல் கலந்து மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். கரி எல்லை மீறிவிட்டால் கருவி ரீஜெனை மறுக்கும். அதை ஏமாற்றிப் போட வைக்கும் ஆட்களிடம் வண்டியை விடாதீர்கள். அத்தனை கரியும் ஒரே நேரத்தில் பற்றினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். என்னைக் கேட்டால், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்வரை திருச்சி சாலையில் மேலூர் தாண்டி ஒரே சீராக ஓட்டி, பக்கத்து சீட்டில் ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் சிறந்த ரீஜென்.

சாம்பல் என்று உறுதியானால் கழட்டித்தான் ஆக வேண்டும். சூளையில் வேகவைத்து காற்றடிக்கும் முறையும், அதற்கென்றே உள்ள எந்திரத்தில் நீரோட்டம் கொடுத்து அலசும் முறையும் இருக்கின்றன. வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்துப் பீய்ச்சுவதும் ஆசிட் ஊற்றுவதும் மேற்பூச்சைக் கெடுக்கும் வேலை. சுத்தம் செய்பவர் கழட்டியதும் எடை போட்டு, முடித்துக் காயவைத்த பின்னும் எடை போட்டுக் காட்டினால் நம்பலாம். வண்டியில் திரும்ப மாட்டிய பிறகு, முன்பு எடுத்த அதே நிலைகளில் அதே எண்களை எடுத்து ஒப்பிடுங்கள். சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்குவது அதற்குப் பிறகுதான். சுத்தம் செய்யாமலேயே ரீசெட் மட்டும் செய்தால் உள்ளே இருக்கும் சாம்பல் இ.சி.யு.வுக்குத் தெரியாமல் போய், அதன் கரிக் கணக்கு முழுக்கத் தப்பாகும். ஆயிலும் சாம்பல் குறைந்த ரகமாக, வண்டிக் கையேடு சொல்லும் ஏ.சி.இ.ஏ. சி3 (ஐரோப்பிய ஆயில் தரம்) போன்ற தரத்தில் இருக்க வேண்டும். கடையில் இருப்பதை ஊற்றினால் சாம்பல் சீக்கிரமே நிறையும்.

உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை அப்படி மாற்ற அனுமதிப்பதில்லை. 190(2)-இன் கீழ் மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேரவனில் நாம் படுத்துத் தூங்குவதே அந்தப் புகைக்குழாய்க்கு மேலேதான். பக்கத்தில் இன்னொரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நானும் கேரவன் வைத்திருக்கும் இன்னும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கடைசியில் ஒரு நடுத்தர டேப்லெட் கருவி வாங்கினோம். மூவர் வண்டியிலும் மாட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தோம். இரண்டு வண்டிக்கு அழுத்தம், வெப்பம், கரி, சாம்பல் எல்லாம் வருகிறது. மூன்றாவது பஸ் சேசிஸ், 24 வோல்ட். அதில் அழுத்தமும் வெப்பமும் மட்டும்தான். சாம்பல் ரீசெட்டுக்கு அந்த நண்பர் கப்பலூர் அண்ணனிடம்தான் போயாக வேண்டும், அவருக்கும் அது தெரிந்தேதான் பங்கு போட்டார். நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் யார் கையில் கருவி இருக்கிறதோ அவர் வந்து மாட்டிவிட்டுப் போவார். எண்களை வண்டியின் சர்வீஸ் நோட்டிலேயே தேதி போட்டு எழுதுகிறோம், ஐடில் ஒரு கட்டம், 2,500 ஒரு கட்டம்.